தலைத்தீபாவளிக்கு வந்த எரிச்சல்

தலைவலி வந்தவன் நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். பல்வலி வந்தவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாலு பேரிடம் அனுதாபம் வாங்கலாம். கால் சுளுக்கினால் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் உடம்பில் ஓர் இடம் உண்டு. அங்கே வலித்தால் ஆண்பிள்ளை வாயைத் திறக்க மாட்டான். டாக்டரிடம் போனால்கூட அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஏதோ ஒரு மாத்திரையோடு திரும்பி வருவான்.

எனக்கு வயதாகிவிட்டது. வெட்கப்படுவதற்கும் தெம்பு வேண்டுமல்லவா? அது இப்போது இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்தோலில் புண் வந்தது. வந்ததும் வந்தது, தலைத்தீபாவளிக்கு வந்தது.

ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். எங்கள் வீடு விராலிமலைப் பக்கம். கல்யாணமானதும் நானும் சிவகாமியும் டவுனில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். எனக்கு இருபத்து நாலு வயது, அவளுக்கு இருபது. பெண் எடுத்தது கடற்கரைக் கட்டுமாவடிக்கு உள்ளே தள்ளி, தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த ஒரு ஊரில்.

அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. சுத்தப் பைத்தியம். ஏதோ ஒரு பத்திரிகையில் கிருமிகளைப் பற்றி யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். நகக்கண்ணில் இத்தனை கிருமி, அக்குளில் இத்தனை கிருமி என்று அந்த மனிதர் நேரில் போய் எண்ணிவிட்டு வந்ததுபோல் எழுதியிருந்தார். அன்றிலிருந்து மூன்று வேளைக் குளியல். சிவப்பாக, ஆஸ்பத்திரி வாசனையோடு ஒரு கார்பாலிக் சோப்பு வரும். (அதே சோப்பால் ஆஸ்பத்திரித் தரையையும் கழுவுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.) அதைப் போட்டு எல்லா இடத்தையும் தேய்ப்பேன். எல்லா இடத்தையும் என்றால் எல்லா இடத்தையும்தான். முன்தோலைப் பின்னுக்கு இழுத்து, உள்ளேயும் சோப்பைப் போட்டு, முரட்டுத் துண்டால் துடைத்து, அதற்கு மேல் லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். கிருமி எங்கே வரும் என்று எனக்குள் ஒரு கர்வம்.

கிருமி வரவில்லை. எரிச்சல் வந்தது. முதலில் லேசான சிவப்பு. கிருமிதான் புகுந்துவிட்டது என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். தோல் காய்ந்து விறைப்பாகி, இழுக்கும்போது ஓரத்தில் சின்னச் சின்னதாக வெடித்தது. மயிரிழை கனத்துக்குத்தான் இருக்கும். ஆனால் சிறுநீர் அதன்மேல் பட்டால் கண்ணில் பூச்சி பறக்கும். ஒவ்வொரு தடவையும் கிணற்றடி மூலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்போதாவது யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடையில் சரக்குப் பெட்டியின் பலகையை உடைக்கும்போது கையைக் கிழித்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு டிஞ்சர் புட்டி இருந்தது. அதை வேட்டி மடிப்பில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து, புண்ணில் வைத்தேன்.

அதன் பிறகு சற்று நேரம் என்ன நடந்தது என்பது எனக்கு நினைவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்ததும், பின்கட்டு முழுக்க நடந்ததும், சத்தம் வராமல் இருக்க துண்டை வாயில் அடைத்துக்கொண்டதும் மட்டும் அரைகுறையாக நினைவிருக்கிறது. எரிகிறது என்றால் கிருமி சாகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு மறுநாளும் வைத்தேன்.

இந்த நிலையில் மனைவியிடமிருந்து விலகிப் படுத்தேன். உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று பாயைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விட்டேன். ஐப்பசி மாதம், வெளியே மழை கொட்டுகிறது, எனக்குப் புழுக்கம். சிவகாமி ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாளிலிருந்து அதுவும் இல்லை. பேச்சு குறைந்தது. ஊருக்குப் போகப் போகிறோம், அந்த நினைப்பு என்று நான் எண்ணிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காத காலம், பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு ஒன்றைக் கட்டி ஓட்டுவார்கள். அந்தக் கரி பஸ் அறந்தாங்கி வரைக்கும் என்னைக் குலுக்கியது. அங்கிருந்து மாமனார் அனுப்பிய மாட்டுவண்டி மிச்சத்தைக் குலுக்கியது. மழையில் நனைந்த லங்கோட்டோடு அவ்வளவு தூரம் போய் இறங்கியபோது என்னால் கால்களைச் சேர்த்து வைத்து நிற்க முடியவில்லை. இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு நடக்கிறவன் மாதிரி புது மாப்பிள்ளை வீட்டுக்குள் போனேன். ஆரத்தி எடுத்தவர்கள் தட்டோடு என் பின்னாலேயே திரும்பிப் பார்த்தார்கள்.

விடியற்காலையில் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் வரைக்கும் பாதகமில்லை. அதன் பிறகு சீயக்காய். தலையில் தேய்த்து வெந்நீரை ஊற்றினால் அது தலையோடு நிற்குமா? கீழே இறங்கியது. இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க நேரமில்லை. என் வாயிலிருந்து வந்த சத்தம் கட்டுமாவடிக் கரையில் படகு தள்ளுகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

குளிக்கிற ஓலை மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் பதறிப்போய், தண்ணி சுடுதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? பாவம், மாப்பிள்ளையை வேக வைத்துவிட்டோமே என்று அந்த அம்மாள் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

என் மாமனார் அதிகம் பேசாத மனிதர். உயரமாக இருப்பார். எதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார். நான் நடப்பதைப் பார்த்தார். உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தார். பலகாரம் சாப்பிட்டானதும், புதுக் கிணறு வெட்டியிருப்பதைக் காட்டுகிறேன் என்று என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனார். கிணற்றைக் காட்டவில்லை. ஒரு தென்னைமரத்தடியில் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"மாப்புள, ஒளிக்காமச் சொல்லுங்க. மூலந்தானே?"

எனக்கு அந்த நிமிஷத்தில் மூலம் ஒரு வரமாகத் தெரிந்தது. மூலம் மரியாதையான வியாதி. தாசில்தாருக்கும் வரும். பெரிய மனிதர்கள் அதைப் பற்றி நாலு பேர் நடுவில் பேசுவார்கள். ஆமாம் மாமா என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் மூலம் உண்டாம். எந்த வயதில் ஆரம்பித்தது, எந்தக் கிழங்கு ஆகும், எந்தக் கறி ஆகாது, கதிர் அறுப்பு நாளில் என்ன பாடுபட்டார் என்று வெயில் ஏறும் வரைக்கும் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு தோழன் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. நானும் இல்லாத மூலத்துக்கு இருக்கிற மூலத்தின் அடையாளங்களையெல்லாம் ஒப்புக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் இலை போட்டார்கள். எனக்காகக் கரையிலிருந்து வரவழைத்த மீன், எனக்காக அறுத்த ஆடு. என் இலையில் மட்டும் கருணைக்கிழங்கும் மோரும். உறைப்பு ஆகாது என்று மாமனார் உத்தரவு. சுற்றி இருந்தவர்கள் எலும்பைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே என் தலைத்தீபாவளி விருந்தைச் சாப்பிட்டேன்.

இதுவரைக்கும் நடந்ததை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அதற்கப்புறம் நடந்ததற்குச் சிரிப்பு வருவதில்லை.

அன்று சாயங்காலம் மாமனார் மறுபடி என்னிடம் வந்தார். காலையில் இருந்த மலர்ச்சி இல்லை. துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். கடைசியில், சிவகாமி திரும்பிப் புதுக்கோட்டைக்கு வர மாட்டேன் என்கிறாள், கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன் என்று ஆத்தாளிடம் அழுதாள் என்று சொன்னார். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். என் வேட்டியைத் துவைக்கும்போது பழுப்பாகக் கறை இருந்ததாக மட்டும் சொன்னாளாம், அது ரத்தக் கறை என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது, நோயாளிப் புருஷனுக்குப் பணிவிடை செய்ய அஞ்சுகிறாள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அது டிஞ்சர்க் கறை.

"ஒங்க மொகத்துல முழிக்க எனக்குக் கூசுது, மாப்புள. பிள்ளைய இப்புடி வளத்துட்டேன். மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றார்.

என் மாமனார் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னைவிட முப்பது வயது பெரியவர், இல்லாத குற்றத்துக்காக, இல்லாத வியாதிக்காரனிடம். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவள்மேல் கோபமில்லை, கண்டிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அது என் பெருந்தன்மை என்று அவர் எடுத்துக்கொண்டு இன்னும் நொந்துபோனார். வியாதி தீர்ந்தால்தான் பெண் மனசு மாறும் என்று நினைத்தோ என்னவோ, மறுநாள் காலையிலேயே வண்டியைப் பூட்டிவிட்டார். அறந்தாங்கியில் ஒரு டாக்டர் மூலத்துக்குக் கைராசிக்காரராம்.

அந்த டாக்டர் குட்டையாக, தடித்த கண்ணாடி போட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் என் மூலத்தின் வரலாறு முழுவதையும் சொல்லிவிட்டார். டாக்டர் என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பார்த்தார். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு, இங்கே ஒன்றும் இல்லையே, எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"முன்னாடி" என்றேன்.

"முன்னாடின்னா? நெஞ்சா?"

நான் கையைக் கொஞ்சம் கீழே காட்டினேன். மாமனார் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் ஒரு மருந்துக் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலண்டரையே படித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, வேறு பெண் சகவாசம் உண்டா என்று என்னை நேராகக் கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பினாரோ, புண்ணைப் பார்த்து நம்பினாரோ தெரியாது. பிறகு என்னென்ன போட்டேன் என்று கேட்டார். சோப்பைச் சொன்னேன். முரட்டுத் துண்டைச் சொன்னேன். டிஞ்சரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"நீர் புண்ணுக்கு வைத்தியம் பண்ணலை. வைத்தியத்தாலேதான் புண்ணைப் பண்ணியிருக்கீர்."

அவர் சொன்ன வைத்தியம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு எளிது. சோப்பு அந்தப் பக்கமே போகக்கூடாது. காய்ச்சி ஆறிய வெறும் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, பழைய மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அவர் கொடுத்த வழுவழுப்பான களிம்பை லேசாகத் தடவ வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் கூடவே தண்ணீரை ஊற்றிக்கொண்டால் எரியாது. லங்கோட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தளர்ந்த வேட்டியோடு இருக்க வேண்டும். தானாக வராத தோலை வலுவில் இழுக்கக் கூடாது, இழுத்தால் உடனே முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும், பின்னாலேயே விட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும், அப்படி ஆனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும், பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறாவிட்டாலும் வந்து காட்ட வேண்டும். நன்றாக ஆறும்வரை மனைவியோடு சேரக்கூடாது.

வீட்டில் சொல்லியிருக்கிறீரா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை.

திரும்பும்போது மாமனார் வண்டியைத் தானே ஓட்டினார். சோப்பு விஷயத்தை டாக்டரே அவரிடம் சொல்லியிருந்தார். கண்மாய்க் கரையில் ஏறும்போது, மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டுல மூலம்னே இருக்கட்டும், மாப்புள. இதை ஒங்க அத்தைக்கு வெளக்கிச் சொல்ல என்னால ஆகாது. ஆனா எம் மகளுக்கு நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே சொல்லிருங்க."

சிவகாமி பின்பக்கம், மழை விட்ட நேரம் பார்த்து ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பத்திரிகையிலிருந்து ஆரம்பித்தேன். கிருமி, சோப்பு, துண்டு, டிஞ்சர் என்று புளியமரத்தைப் பார்த்தபடியே சொன்னேன். இடத்தின் பெயர் வருகிற போதெல்லாம் விழுங்கினேன். எப்படியோ அவளுக்குப் புரிந்தது. பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் கறுப்பா இருக்கேன்னு ஒங்களுக்குப் புடிக்கலையாக்கும்னு நெனச்சேன்."

முன்கூடத்தில் நான் பாயை விரித்த அத்தனை நாளும் அவள் உள்ளே அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். டிஞ்சர் எரிந்தது ஒரு எரிச்சலே இல்லை. நான் அப்படி நினைத்ததே கிடையாது என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதாதென்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதுல போயி டிஞ்சரப் போடுவாங்களா, ஏங்க?" என்று கேட்டுவிட்டு, கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

அன்று சாயங்காலம் மறைப்புக்கு வெளியே ஒரு செம்பில் காய்ச்சி ஆறிய தண்ணீரும், என் பழைய வேட்டியில் கிழித்து மடித்த மெல்லிய துணியும் இருந்தன. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாங்கள் புதுக்கோட்டைக்குத் திரும்பின பிறகும் அந்தச் செம்பு தினமும் வைக்கப்பட்டது. பாய் உள்ளே வந்துவிட்டது. தனித்தனிப் பாய்தான், ஆனாலும் பேசிக்கொண்டே தூங்கிப்போவோம். ஒரு வாரம் பத்து நாளில் புண் இருந்த இடம் தெரியாமல் ஆறியது.

மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் மாமியார் கடைசிவரை என்னை மூலக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சில வருஷங்கள் போயின. சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் போய், புதுக்கோட்டைச் சமஸ்தானமும் போனபின் ஒருநாள் மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து நின்றார். வேட்டி வேண்டுமா, துண்டு வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாமென்று ஓரமாக உட்கார்ந்துகொண்டார். வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்து, என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வாங்க, மாப்புள. எனக்கும் ஒங்க எடத்துலதான் புண்ணு. ஆறுறதும் வெடிக்கிறதுமா இருக்கு. ஆருகிட்டச் சொல்றது? நீங்கதான் பட்டவரு."

அன்றைக்கே டவுன் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இவர் சோப்பே போடாத ஆள். ஆறி ஆறித் திரும்ப வெடிக்கிறது என்றதும் டாக்டர் அவருடைய சிறுநீரைச் சோதித்துப் பார்த்து, சர்க்கரை வியாதி என்றார். சர்க்கரை ஏறினால் சிலருக்கு முதலில் அங்கேதான் காட்டும் என்றும், வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் மறைத்திருந்தால் காலிலோ கண்ணிலோ கொண்டுபோய் விட்டிருக்கும் என்றும் சொன்னார். மாமனார் சோற்றைக் குறைத்தார், ஊசி போட்டுக்கொண்டார். அதன் பிறகு வெகுகாலம் தோப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அன்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, என்னப்பா உடம்புக்கு என்று சிவகாமி கேட்டாள். அவர் நிமிராமல், "மாப்புள எடத்துல கொஞ்சம் புண்ணு" என்றார். அவள் பரிமாறின கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கே அவள் சிரித்தது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்த இடத்துக்கு மாப்பிள்ளை இடம் என்றுதான் பெயர். என் மச்சினன்மார், அவர்களுடைய பங்காளிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உடம்பில் ஓர் இடம் என் பேரில் பட்டா ஆகியிருக்கிறது. சொத்து என்று வேறு எதையும் நான் அந்த ஊரில் வாங்கவில்லை.

போன பொங்கலுக்கு என் மகன் வந்திருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மருமகள் முற்றத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். இவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செய்தித்தாளின் ஒரு தாளை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை இடத்தில் இரண்டு நாளாகக் கொஞ்சம் எரிகிறது என்றான். நான் அறந்தாங்கி டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து சிவகாமியின் குரல் வந்தது.

"பொண்டாட்டிகிட்டச் சொன்னியாடா?"

"அவதாம்மா அப்பாகிட்டக் கேக்கச் சொன்னா" என்றான்.

முற்றத்தில் மருமகள் தலை நிமிராமல் பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.